பறை எந்தப் பாதையில் செல்வது?

போட்டிக் குழுக்களின் வருங்காலம் பற்றி ஒரு கருத்து

சென்ற சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பறை புதிய எழுச்சியோடு முழங்கி வருகிறது. கல்லூரி விழாக்களில் பறை முழங்குகிறது. தொழிற்சங்க ஊர்வலங்களின் முன்வரிசையில் முழங்குகிறது. பொங்கல் விழா மேடைகளில் முழங்குகிறது. கடல் கடந்து வாழும் தமிழர்களின் பிள்ளைகள்கூடப் பறையைத் தோளில் மாட்டி அடவு பழகுகிறார்கள். ஊருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பெயர், ஒரே நிறத்தில் உடுப்பு என்று வாலிபர்கள் திரண்டு வருகிறார்கள். குழுவுக்கும் குழுவுக்கும் போட்டி நடக்கிறது. நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். கோப்பையும் பரிசுப் பணமும் கைமாறுகின்றன.

இதைக் கண்டு மகிழாதவர் யார்? நேற்றுவரை ஊர் எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த கருவி இன்று நடுமேடைக்கு வந்திருக்கிறது. ஆயினும் மகிழ்ச்சியோடு நாம் நின்றுவிட முடியாது. பறை மேடைக்கு வந்துவிட்டது. பறையடிப்பவன் எங்கே இருக்கிறான்? போட்டியில் வெல்லும் பறை எந்தப் பறை? இந்தக் குழுக்கள் எந்தத் திசையில் போகின்றன? இக்கேள்விகளை இப்பொழுதே எழுப்பியாக வேண்டும்.

பெரம்பலூர் ஜில்லா குன்னம் தாலூகாவை எடுத்துக்கொள்வோம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வானம் பார்த்த பூமி இது. பக்கத்தில் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் தப்பு அடிப்பவர்கள் அதை மட்டுமே நம்பிப் பிழைப்பவர்கள் அல்லர். களை வெட்டி, பருத்தி எடுத்து, கதிர் ஒடித்து, வேலையில்லாத மாதங்களில் கட்டட வேலைக்கு வெளியூர் சென்று, இடையிடையே சாவுக்கும் திருவிழாவுக்கும் ‘தப்பு செட்டு’ கட்டிப் போகும் விவசாயத் தொழிலாளர்கள் அவர்கள். பறையின் வருங்காலம் பற்றிய விவாதம் இவர்களுடைய கூலியையும் மானத்தையும் பற்றிய விவாதமே ஆகும்.

மூன்று குரல்கள்

இந்த விவாதத்தில் மூன்று குரல்கள் கேட்கின்றன.

முதல் குரல் பெரியவர்களுடையது. “கோயிலையும் சாவு வீட்டையும் விட்டால் எங்களுக்குச் சோறு ஏது? மேடைக்காரர்கள் வருஷத்தில் நாலு நாள் கூப்பிடுவார்கள். மீதி நாளுக்கு என்ன வழி?” என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இரண்டாவது குரல் படித்த வாலிபர்களில் ஒரு பகுதியினருடையது. “இந்தக் கருவி நம் கழுத்தில் கட்டிய அடிமைச் சங்கிலி. அதைத் தூக்கி எறிவதுதான் விடுதலை” என்கிறார்கள் அவர்கள்.

மூன்றாவது குரல் குழுக்களை அமைத்திருக்கும் வாலிபர்களுடையது. “கருவியில் இழிவு இல்லை. சீருடை போட்டு, மேடை ஏறி, போட்டியில் வென்று காட்டினால் அதே ஊர் எழுந்து நின்று கை தட்டும்” என்பது அவர்கள் வாதம்.

மூன்றிலும் நியாயம் இருக்கிறது. எதையும் பரிகசித்து ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தவறினால் நாம் வழி தவறிவிடுவோம்.

உழைப்பின் கருவி எப்படி இழிவின் அடையாளமாயிற்று?

பறை என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் இன்றும் பேச்சு வழக்கில் அந்தப் பொருள் இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் பறவையோடும் சேர்த்துப் பறையையும் வைக்கிறது. ஐவகை நிலத்துக்கும் தனித்தனிப் பறை உண்டு என்று நம் இலக்கண மரபு வகுத்தது. கடற்கரைக்கு மீன்கோட்பறை, வயல்வெளிக்கு நெல்லரிகிணை. பெயர்களே சொல்லுகின்றன: மீன் பிடிக்கிறவனோடும் நெல் அறுக்கிறவனோடும் சேர்ந்து நின்ற கருவி இது.

பின்னர் என்ன நேர்ந்தது? நிலம் சிலர் கையில் குவிந்தது. உழைப்பவன் ஜாதியால் கட்டப்பட்டான். சாவுச் செய்தி சொல்வது, பிணத்தின் முன் பறையடிப்பது, செத்த மாட்டை அகற்றுவது, ஊர்க் கட்டளையைத் தெருத்தெருவாய் அறிவிப்பது ஆகியவை ஒரு மக்கட்பகுதியின் தலையில் கட்டாயக் கடமையாய்ச் சுமத்தப்பட்டன. கூலி கேட்கும் உரிமை கிடையாது. களத்து மேட்டில் போட்ட தானியமும், பந்திக்கு வெளியே வைத்த சோறும்தான் கூலி. வரமாட்டேன் என்று சொன்னவன் ஊரில் வாழ முடியாது. தோலில் தீட்டு இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அதே மாட்டுத் தோலால் தைத்த செருப்பைப் போட்டு நடந்தவனுக்குத் தீட்டு ஒட்டவில்லை! இந்த ஜாதிப் பெயரையே ஐரோப்பிய மொழிகள் எடுத்துக்கொண்டு, ‘சமூகம் ஒதுக்கித் தள்ளியவன்’ என்ற பொருளில் வழங்கலாயின. ஒரு மக்களின் பெயரே உலக அகராதியில் வசைச் சொல்லாயிற்று என்றால் அந்த இழிவின் ஆழத்தை எண்ணிப் பாருங்கள்.

ஆகவேதான் அந்த மக்கள் போராடினார்கள். பழைய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்க வேண்டுமென்ற கோரிக்கையைச் சென்னை மாகாண சர்க்கார் 1922ல் ஏற்றது. பின்னர் எத்தனையோ ஊர்களில் “இனி அடிக்க மாட்டோம்” என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதற்காக அடி பட்டார்கள், வேலை மறுக்கப்பட்டார்கள். பறையை உடைத்தெறிந்த அந்தக் கைகள் கலையின் விரோதிகளின் கைகளா? இல்லை, கட்டாயத்தின் விரோதிகளின் கைகள். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு சர்க்காரின் தலைமைச் செயலாளர், ஊர்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி கலெக்டர்களுக்கு எழுதினார். சுதந்திரம் வந்து 75 ஆண்டுகள் ஆன பின்னும் அப்படியொரு கடிதம் தேவைப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

குழுக்கள் சாதித்தது என்ன?

இந்தச் சரித்திரத்தின் பின்னணியில்தான் குழுக்களின் எழுச்சியை மதிப்பிட வேண்டும். 1990ல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. பெண் தொட்டால் ஆகாது என்றிருந்த கருவியைப் பெண்களே தோளில் மாட்டி ஆடியபோது ஜாதி இழிவும் பெண்ணடிமையும் ஒருசேர அடி வாங்கின. 2007ல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞர்களை நகரத்துப் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் அழைத்து வந்தது. அது நின்றுபோய், 2023ல் மீண்டும் தொடங்கியது. 2022 முதல் சர்க்கார் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடந்து வருகின்றன. 2025ல் மதுரை ஜில்லா அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவை சிறு வெற்றிகள் அல்ல. ஊர்த் தெருவில் நடக்கும்போது தலை குனிந்த வாலிபன், போட்டி மேடையில் தலை நிமிர்ந்து நிற்கிறான். மற்ற ஜாதியைச் சேர்ந்த மாணவனும் மாணவியும் அவனிடம் வந்து அடி கற்றுக்கொள்கிறார்கள். இந்த மாற்றத்தை நாம் முழு மனத்தோடு வரவேற்க வேண்டும்.

போட்டியின் மறுபக்கம்

ஆனால் போட்டிக்கு ஒரு மறுபக்கம் உண்டு.

போட்டிக்கு விதி வேண்டும். விதிக்கு நிமிஷக் கணக்கு வேண்டும். இரவு முழுதும் ஆடக்கூடிய கலை, மேடையில் சில நிமிஷங்களுக்குள் முடிந்தாக வேண்டும். மருளடி, சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று அடிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு வேகமும் ஒரு பொருளும் இருக்கின்றன. சாமி வருவதற்கு அடிப்பது வேறு. பிணம் எடுப்பதற்கு அடிப்பது வேறு. மணப்பந்தலுக்கு அடிப்பது வேறு. கேட்டவுடன் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று வயலில் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். போட்டி மேடையில் இந்தப் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. யார் வேகமாக அடிக்கிறார்கள், யார் உயரமாகத் துள்ளுகிறார்கள், யார் ஆள் மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்டுகிறார்கள் என்பதே கண்ணில் படுகிறது. ஆகவே எல்லாக் குழுக்களும் ஒரே மாதிரி வேகமாக அடிக்கின்றன. ஒரே மாதிரி துள்ளுகின்றன. பேசிய கருவி வெறுமனே கத்தத் தொடங்குகிறது.

இரண்டாவது, போட்டிக்குப் பணம் வேண்டும். சீருடை, சலங்கை, வண்டி வாடகை, ஒத்திகை நாட்களின் கூலி நஷ்டம் ஆகிய எல்லாவற்றையும் தாங்கக் கூடிய குழு எது? நகரத்துக் குழுவும் கல்லூரிக் குழுவும்தான். ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாத குன்னத்துத் தொழிலாளி ஒத்திகைக்கு எப்படி வருவான்? அவனுடைய பாட்டன் வகுத்த அடியை அடித்து வேறொருவன் பரிசு வாங்குகிறான். அவனோ கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான்.

மூன்றாவது, கருவி செய்யும் ஞானம். மரத்துண்டுகளை இணைத்து வட்டச் சட்டம் செய்வது, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவது, வைக்கோல் தீயில் வாட்டிச் சுதி ஏற்றுவது, அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் சீவிச் சேர்ப்பது எல்லாம் கலையின் பாதி. மழையில் நனையாத செயற்கைத் தோல் வந்திருக்கிறது. அதைப் பழிக்க வேண்டியதில்லை, கையாளட்டும். ஆனால் கருவியைக் கடையில் வாங்கி வாசிக்க மட்டும் கற்ற குழு, செய்தவனை மறந்துவிடும்.

நான்காவதுதான் மிகப் பெரிய ஆபத்து. “பறை தமிழனின் தொன்மை, பழம்பெருமை” என்று மேடையில் முழங்குகிறார்கள். நல்லது. ஆனால் அந்தப் பழம்பெருமையைக் காத்தவன் எந்தச் சேரியில் இருக்கிறான், அவன் பிள்ளைக்கு என்ன வேலை, அவன் ஊர்ப் பொதுச் சுடுகாட்டில் பிணம் எரிக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு மேடையில் இடமில்லை. கருவிக்கு மாலை, கலைஞனுக்குத் திண்ணைக்கு வெளியே டம்ளர் என்றால் அது என்ன மறுமலர்ச்சி?

மற்ற நாடுகளின் அனுபவம்

இந்தப் பிரச்னை நமக்கு மட்டும் உரியதல்ல.

அமெரிக்காவில் ‘டிரம் கோர்’ என்ற முரசுக் குழுக்கள் உண்டு. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு முன்னாள் படைவீரர் சங்கங்களும் மாதா கோவில்களும் பேட்டைக் கழகங்களும் ஆதரித்து வளர்த்தவை அவை. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் முரசும் ஊதுகொம்பும் ஏந்தி அணிவகுத்தார்கள். போட்டி விதிகளையும் பணத்தையும் படைவீரர் சங்கங்களே வைத்துக்கொண்டிருந்ததை எதிர்த்து, குழுக்கள் தாமே ஒன்றுகூடித் தனி ஸ்தாபனம் கண்டன. 1972ல் அதன் முதல் உலகப் போட்டி விஸ்கான்சின் ராஜ்யத்தில் நடந்தது. இதுவரை நல்ல செய்தி. ஆனால் கலை வளர வளரச் செலவும் வளர்ந்தது. 2004ல் ஒலிபெருக்கி அனுமதிக்கப்பட்டது. 2009ல் மின்னணு வாத்தியங்கள் வந்தன. கோடை முழுதும் நாடு சுற்ற ஒவ்வொரு வாலிபனும் பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கில் இருந்த குழுக்கள் சில பத்துகளாகச் சுருங்கின. வாசிப்பின் தரம் வானளாவ உயர்ந்துவிட்டது. பேட்டைப் பிள்ளைதான் காணாமல் போனான். “இது இன்னும் முரசுக் குழுதானா?” என்று அங்கே இன்றும் வாதம் ஓயவில்லை.

மேற்கிந்தியத் தீவான டிரினிடாடின் கதை நம் கதைக்கு இன்னும் நெருக்கம். ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியார் அடித்த முரசை 1880களில் பிரிட்டிஷ் ஆட்சி சட்டம் போட்டு ஒடுக்கியது. ஏழை மக்கள் ஓயவில்லை. மூங்கில் துண்டுகளைத் தட்டினார்கள். பின்னர் பிஸ்கட் டின்களையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் தட்டி வளைத்து ஒரு புது வாத்தியத்தையே படைத்தார்கள். அது ‘ரௌடிகளின் வாத்தியம்’ என்று கனவான்கள் தூற்றினர். நாடு 1962ல் சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டே ‘பனோரமா’ என்ற மாபெரும் போட்டி தொடங்கியது. 1992ல் அது தேசிய வாத்தியம் என்று அறிவிக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் சில நிமிஷப் போட்டிப் பாட்டு ஒன்றுக்காகவே பல மாத உழைப்பைக் கொட்டும் நிலையும், கம்பெனிகளின் ஆதரவு இல்லாமல் பெரிய குழு இயங்க முடியாத நிலையும் வந்தன. வீதியில் மக்களை நடத்திச் சென்ற வாத்தியத்தின் இடத்தை ஒலிபெருக்கி லாரிகள் பிடித்துக்கொண்டன.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கிய பள்ளிக் கலோத்சவத்தில் செண்டை மேளமும் போட்டிக்கு உண்டு. உடுப்புக்கும் பயிற்சிக்கும் பெற்றோர் பெரும் பணம் கொட்டுவதும், நடுவர் தீர்ப்பை எதிர்த்து அப்பீலும் கோர்ட்டும் ஏறுவதும் அங்கே பெரிய பிரச்னையாயின. 1986ல் புகுத்திய தனிநபர்ப் பட்டங்கள் பின்னர் கைவிடப்பட்டன. நெடுங்காலம் ஒதுங்கியிருந்த பழங்குடி மக்களின் கலைகள் ஐந்து, 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில்தான் போட்டி வரிசையில் சேர்ந்தன. விதி கல்லில் எழுதியதல்ல, மக்கள் கேட்டால் மாறும் என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

இம்மூன்று அனுபவங்களும் ஒன்றையே போதிக்கின்றன. போட்டி கலைக்குத் தூண்டுகோலாக இருக்கலாம். எஜமானாக இருக்கக் கூடாது. விதியை எழுதுகிறவன் யாரோ, அவன் கையில்தான் கலையின் வருங்காலம் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

போட்டிகளைப் பகிஷ்கரிக்கச் சொல்லவில்லை. அவற்றின் விதிகளைப் பறையடிப்பவர்களே எழுத வேண்டும் என்கிறோம். இதற்குச் சில ஆலோசனைகள்:

1. நடுவர்களில் பாதிப் பேராவது கிராமத்தில் பறையடித்து முதிர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பட்டம் இல்லை என்பதற்காக அவர்களை ஒதுக்கக் கூடாது. அடிகளின் வகையும் பொருளும் தெரிந்து வாசிப்பதற்கும், கருவியைத் தாமே செய்து வருவதற்கும் மதிப்பெண் வேண்டும்.

2. முதல் பரிசுக்கே பணத்தையெல்லாம் கொட்டாமல், பங்குகொள்ளும் ஒவ்வொரு குழுவுக்கும் பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுக்க வேண்டும். போட்டி முடிந்த இரவில் எல்லாக் குழுக்களும் மதிப்பெண் இல்லாமல் கூடி விடிய விடிய வாசிக்கும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். ஒருவரிடம் ஒருவர் கற்பது அங்கேதான்.

3. சர்க்கார் பள்ளிகளில் பறை கற்பிக்கப் பகுதி நேர ஆசிரியர்களாக அந்தந்த ஊர்க் கலைஞர்களையே நியமித்து மாதச் சம்பளம் தர வேண்டும். குன்னத்துப் பிள்ளைக்குக் குன்னத்து அடியைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

4. சாவானாலும் திருவிழாவானாலும் கூலி முன்கூட்டியே பேசப்பட வேண்டும். பணமாகவே தரப்பட வேண்டும். கூலிக்குப் பதில் சாராயம் கொடுக்கும் ஈனப் பழக்கம் ஒழிய வேண்டும். எல்லோரும் உண்ணும் பந்தியில் கலைஞனுக்கும் இலை போட வேண்டும். இதைத் தனியொருவன் கேட்டால் நாளை வேறு செட்டைக் கூப்பிடுவார்கள். தாலூகா முழுதும் உள்ள செட்டுகள் ஒன்றுகூடி ஒரே கூலி நிர்ணயித்தால் எவனும் மறுக்க முடியாது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் ஒவ்வொருவரையும் பதிவு செய்யும் வேலையையும் அந்தக் கூட்டமைப்பே செய்யட்டும்.

5. மறுக்கும் உரிமை. இது எல்லாவற்றுக்கும் மேலானது. அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23வது பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்தது. 1955ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. ஜாதிக் கடமை என்று சொல்லி எவனையும் பறையடிக்க வைக்க முடியாது. வரமாட்டேன் என்று சொல்லும் தொழிலாளிக்குப் போட்டிக் குழு வாலிபர்கள் முதல் துணையாக நிற்க வேண்டும். அவன் மறுத்த இடத்தில் தாங்கள் போய் அடித்துக் கருங்காலி வேலை செய்யக் கூடாது.

6. எல்லா ஜாதி வாலிபர்களும் பெண்களும் குழுக்களில் சேரட்டும். ஆனால் மேடைக்கு மட்டும் வந்தால் போதாது. சேரியில் நடக்கும் பயிற்சிக்கு வர வேண்டும். அங்கே உட்கார்ந்து உண்ண வேண்டும். அங்கே ஒரு சாவு என்றால் தோளில் பறை மாட்டித் தாங்களும் முன்னே நடக்க வேண்டும். மேல்தெருப் பிள்ளை சேரிச் சாவுக்குப் பறையடிக்கும் நாளில்தான் பறை ஜாதியின் பிடியிலிருந்து விடுபட்டது என்று சொல்லலாம். பரிசுக் கோப்பை அந்தச் சோதனைக்கு ஈடாகாது.

இனி அந்த மூன்று குரல்களுக்கும் விடை கூறலாம். பிழைப்பைக் கேட்கும் பெரியவர்களுக்குக் கௌரவமான கூலி வேண்டும். கலையைக் காக்கும் ஆசிரியர் என்ற இடம் வேண்டும். பறையைத் தூக்கி எறியும் வாலிபனுக்கு அதை எறிவதற்கான முழு உரிமை வேண்டும். அவனைத் துரோகி என்று எவரும் ஏசக் கூடாது. மேடை ஏறும் வாலிபனுக்கு மேடையும் வேண்டும், மேடைக்குப் பின்னால் இருக்கும் மக்களோடு உறவும் வேண்டும். கட்டாயத்தால் அடிப்பவன் அடிமை. விரும்பி அடித்து, கூலி கேட்டுப் பெற்று, விருப்பமில்லாதபோது மறுக்கக் கூடியவன் கலைஞன். பறைக் குழுக்களின் திசையைத் தீர்மானிக்கும் அளவுகோல் இதுதான்.

குன்னம் வட்டாரத்து வாலிபர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது: கோப்பைகளை வெல்லுங்கள். ஆனால் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், உங்கள் ஊரின் மூத்த தப்புக்காரர் வீட்டுக்குப் போங்கள். அவருக்குத் தெரிந்த அடிகளை எல்லாம் கேட்டு வாங்குங்கள். அவருக்குக் கடைசிச் சாவு வீட்டில் என்ன கூலி கிடைத்தது என்றும் கேளுங்கள். அந்த இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மேடை ஏறுங்கள். அப்பொழுது உங்கள் பறை பேசும், நாடும் கேட்கும்.